ஐம்பத்தொன்பது குழிகள்

ஒன்பது விதிகளோடு தொடங்கினேன்.
பகடை முதல் வாரமே போயிற்று.
பிறகு ராஜா.
வெட்டுப்பட்ட காய் வீடு திரும்பும் விதி
எனக்கு மிகவும் பிடித்தது; அதைத்தான்
இரண்டு முறை அடித்து
இரண்டு முறை திரும்ப எழுதி
மூன்றாம் முறை தாளையே கிழித்தேன்.

தார்த்து நகரில் நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டு.
ஒட்டுப்பலகை ஆலையில் கழித்துப்போட்ட பிர்ச் துண்டு,
அறுகோணமாய் அறுபத்தொரு குழி,
ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி உட்காரும் ஆழம்.
சாம்பல் பட்டாணி எனக்கு.
வெள்ளை அவரை ஹெல்வேக்கு.

நான்காம் எண் பேருந்து ஓட்டுகிறாள் ஹெல்வே.
நாங்கள் பிரிந்து இரண்டு வருடம்.
நாய் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.
முரியைக் கூட்டிப்போகவோ விட்டுப்போகவோ
வியாழக்கிழமை வருவாள்,
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
ஒரே ஓர் ஆட்டம் ஆடுவாள்.
ஆலை நண்பர்கள் ஆடிப் பார்த்து "அருமை" என்பார்கள்.
அருமை என்ற சொல்லை வைத்துக்கொண்டு
ஒரு விதியைக்கூடத் திருத்த முடியாது.

மிஞ்சியது இவ்வளவுதான்:
முறைக்கு ஒரு காய், காலிக் குழியில்.
அக்கம்பக்கத்தில் உன் காய்கள்
எதிரியின் காய்களைவிட அதிகமிருந்தால்
அங்கே வைக்காதே.
வைக்க இடமில்லாதவர் தோற்றார்.

நடுக்குழியைப் பிடித்தவரே ஜெயித்துக்கொண்டிருந்தார்.
நடுவை மரப்பசை கொண்டு அடைத்தேன். அறுபது.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த வியாழன் நான் முதலில் வைத்தேன், மேல் ஓரம்.
அவள் கீழ் ஓரம்.
நான் இடப்பக்கம் மூன்றாவது,
அவள் வலப்பக்கம் மூன்றாவது.
ஐந்தாம் முறையில்தான் உறைத்தது.
அவள் யோசிக்கவே இல்லை.
ஜன்னலைப் பார்த்தபடி, நாயின் காதைச் சொறிந்தபடி
நான் செய்ததையே எதிர்ப்பக்கம் செய்துகொண்டிருந்தாள்.
எனக்கு இடமிருந்தால் அவளுக்கும் இருக்கும்.
தீரும்போது எனக்குத்தான் முதலில் தீரும்.

"இது ஆட்டமே இல்லை."
"எந்த விதி தடுக்கிறது?"
"நான் செய்வதையே திருப்பிச் செய்கிறாய்."
"ஏழு வருடம் அதைத்தானே செய்தோம்" என்றாள்.
"நீ ஒரு கதவைச் சாத்துவாய், நான் ஒரு கதவை."
கடைசி அவரையை வைத்துவிட்டு
நாயின் வாரைத் தேடினாள்.

புதிதாய் ஒரு விதி எழுதலாம்: நகலெடுக்கக் கூடாது.
எது நகல், எது தற்செயல் என்று
தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும்.
வழக்கறிஞர்களுக்கு நாங்கள் கொடுத்தது போதும்.

பலகையை மேசைமேல் திருப்பித் திருப்பி வைத்தேன்.
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே முகம்.
அழகாகத்தான் இருந்தது.
அழகுதான் கோளாறு.

விடியுமுன் ஆலைக்குப் போய்
ரம்பத்தில் ஒரு மூலையை அறுத்தேன்.
ஒரே ஒரு குழி போயிற்று.
இனி எதிர்மூலைக்கு எதிர்மூலை கிடையாது;
அங்கே வைக்கும் காய்க்குக்
கண்ணாடியில் முகம் தெரியாது.
ஒரு விதியும் கூடவில்லை.

அடுத்த வியாழன்
அறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.
(அன்று அறை சூடாக இருந்தது, அவ்வளவுதான்.)
நாற்பது நிமிடம் நீண்டது ஆட்டம்.
நடுவில் முரி ஓர் அவரையைத் தின்றுவிட்டான்;
அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான்.
அவள் ஜெயித்தாள், ஒரே ஒரு குழி வித்தியாசத்தில்.

படிக்கட்டில் பாதி இறங்கியபின் குரல் வந்தது:
"முதலில் வைப்பவருக்குச் சாதகம் இருக்கிறது.
எப்படி என்று இன்னும் தெரியவில்லை,
ஆனால் இருக்கிறது."

பென்சிலைத் தேடினேன்.
அதையும் நாய்தான் கடித்து வைத்திருந்தது.